கொம்பு முறிந்த பக்கம்

மட்டக்களப்பு நகரிலிருந்து கல்முனை வீதியில் தெற்கே போனால், ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் வாவியும் நெருங்கிவரும் ஒடுங்கிய நிலத்தில் தேற்றாத்தீவு வரும். அந்த ஊர்ப் பிள்ளையாருக்குக் கொம்புச்சந்திப் பிள்ளையார் என்று பெயர். வெளியூரார் இந்தப் பெயரைக் கேட்டவுடன் பிள்ளையாரின் ஒடிந்த தந்தத்தைத்தான் நினைப்பார்கள். ஆனால் இந்தக் கொம்பு வேறு. மக்கள் இரண்டாகப் பிரிந்து நின்று, வடம் பூட்டி, ஒன்று முறியும்வரை இழுத்த மரக்கொம்பு அது. அது இழுபட்ட திடலுக்குக் கொம்புச்சந்தி என்று பெயர். மட்டக்களப்புத் தமிழரின் கண்ணகி வழிபாட்டோடு கூடப் பிறந்த கொம்புமுறி விளையாட்டு, இடப்பெயரிலும் கோயில் பெயரிலும் இப்படித் தங்கிவிட்டது.

தொலைக்காட்சியில் யாரோ பதினொரு பேர் தோற்றதற்கு ஒரு மனிதர் ஏன் சாப்பிடாமல் படுக்கிறார் என்று இன்று வியப்போடு கேட்கிறார்கள். அவர் அந்த மட்டையைத் தொட்டதில்லை, அந்தத் திடலில் கால் வைத்ததில்லை. இருந்தும் தோல்வி அவருடையதாகிறது. வாவிக்கரை மக்களுக்கு இந்தக் கேள்வி விளங்கியிருக்காது. தன் பக்கத்துக் கொம்பு முறிந்தால் தனக்குத்தான் தோல்வி என்பது அங்கே விளக்கம் தேவைப்படாத சங்கதி.

பக்கங்கள் இரண்டு. ஒன்று வடசேரி, மற்றது தென்சேரி. வடசேரி கோவலன் கட்சி. தென்சேரி கண்ணகி கட்சி. தமிழ்நாட்டு வாசகர் ‘சேரி’ என்ற சொல்லில் சாதியின் வாடையைத் தேட வேண்டாம். இங்கே அதற்குச் சேர்ந்து நிற்கும் பக்கம் என்றே பொருள்; ‘வாரம்’ என்றும் சொல்வார்கள். ஒருவர் எந்தச் சேரி என்பது அவர் தேர்ந்தெடுப்பதல்ல. நிறம் பிடித்திருக்கிறது, ஆட்டக்காரனைப் பிடித்திருக்கிறது என்று சேரி மாற முடியாது. பிறப்போடு வந்தது அது.

இரண்டு கட்சி ஏன் வந்தது என்பதற்குக் கதைகள் உண்டு. கோவலனும் கண்ணகியும் பூப்பறிக்கப் போனார்கள். எட்டாத கிளையை வளைக்கக் கொக்கித் தடிகளை நீட்டினார்கள். இரண்டு கொக்கிகளும் மாட்டிக்கொண்டன. ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள். கோவலனின் கொம்பு முறிந்தது. கணவன் மனைவிக்கிடையே நடந்த செல்லச் சண்டையாக இது சொல்லப்படுகிறது. இன்னொரு கதையில் செல்லம் இல்லை. மதுரையை எரித்த சினத்தோடு கண்ணகி வருகிறாள். அவள் மனத்தைத் திருப்பிக் குளிரவைக்க, மக்கள் இரு பிரிவாகி இந்த விளையாட்டை ஆடிக் காட்டுகிறார்கள். முதற் கதை நெஞ்சுக்கு இதம். ஆனால் வாவிக்கரையின் வெயிலை அறிந்தவர்களுக்கு இரண்டாவதுதான் பொருந்தும்.

ஏனென்றால் கண்ணகியின் காலம் வைகாசி. கிழக்கிலங்கைக்கு மழை தருவது வடகீழ்ப் பருவக்காற்று; மாரி ஐப்பசி, கார்த்திகைக்குப் பிறகுதான். வைகாசியில் மலைநாட்டில் மழையைக் கொட்டிவிட்டு வறண்டு இறங்கும் கச்சான் காற்று அனலாக வீசும். வயல் வெடிக்கும், குளம் வற்றும். அந்த நாட்களில்தான் அம்மையும் சின்னமுத்தும் பரவும் என்று அஞ்சினார்கள். வெப்பு, வறட்சி, நோய் மூன்றும் அம்மனின் கோபம் என்று கண்ட சமூகம் அது. எனவே கண்ணகி கோயில்களில் நடப்பதை அவர்கள் திருவிழா என்று சொல்வதில்லை, சடங்கு என்பார்கள். கதவு திறந்து, கலியாணக்கால் நட்டு, கண்ணகி வழக்குரை பாடி, கடைசியில் குளிர்த்தி செய்து கதவடைப்பார்கள். தம்பிலுவில், காரைதீவு, கல்லாறு, செட்டிபாளையம், மகிழடித்தீவு, வந்தாறுமூலை என்று வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையிலும் மேற்கே படுவான்கரையிலும் இந்தக் கோயில்கள் தொடர்ந்து செல்கின்றன. சேரன் செங்குட்டுவன் எடுத்த பத்தினி விழாவுக்கு இலங்கைக் கயவாகு மன்னனும் வந்தான் என்கிறது சிலப்பதிகாரம். பத்தினி வழிபாடு இலங்கைக்கு வந்த கதையை அங்கிருந்தே தொடங்குவது வழக்கம். தமிழ்நாட்டில் கண்ணகி காப்பியத் தலைவியாக நின்றுவிட, இந்த வாவிக்கரையில் அவள் மழைக்கும் நோய்க்கும் பொறுப்பானவள்.

பண்டிதர் வி. சீ. கந்தையா 1964இல் வெளியிட்ட ‘மட்டக்களப்புத் தமிழகம்’ இந்த மண்ணின் வழக்கங்களைத் தேடித் தொகுத்த நூல். 1968இல் கண்ணகி வழக்குரையையும் ஏடுகளிலிருந்து பதிப்பித்தவர் அவர். கொம்பு விளையாட்டைப் பற்றி இன்று எழுதும் எவரும் அவருக்குக் கடன்பட்டவர்களே.

விளையாட்டு ஒரே நாளில் முடிந்துவிடாது. முதலில் போர்த்தேங்காய் அடிப்பார்கள். ஓடு தடித்த, சிறுத்த தேங்காயாகத் தேடிப் பொறுக்கி வைத்திருப்பார்கள். ஒருவர் தேங்காயை வைக்க, எதிர்ப்பக்கத்தார் தம் தேங்காயால் அடிப்பார்கள். உடைந்த காய் தோற்ற காய். பிறகு சிறு கொம்புகள். அதற்கப்பால், நாட்கள் செல்லச் செல்ல, பெரிய கொம்பு. வைரம் பாய்ந்த மரத்தில் இயற்கையாக வளைந்த கவையாகத் தேடிக் காட்டுக்குள் போவார்கள். நல்ல கவை ஒன்று அகப்படுவது தெய்வச் செயல். அதைச் செதுக்கி, கயிறு வரிந்து, எதிர்ப்பக்கத்துக் கொம்போடு கொக்கியும் கொக்கியுமாகக் கோப்பார்கள். வடம் பூட்டப்படும். பின் இழுவை. ஆட்டக்காரர் யார், பார்வையாளர் யார் என்று பிரிக்கக் கோடு கிடையாது. வடத்தில் கை வைக்க இடம் கிடைத்தவர் இழுத்தார். கிடைக்காதவர் குரல் கொடுத்தார்.

மரம் முறியும் சத்தத்தோடு எல்லாம் முடியும். சமநிலை என்ற பேச்சே அங்கே இல்லை. ஒரு கொம்பு முறிந்தே தீர வேண்டும். முறியாவிட்டால் அம்மன் குளிரமாட்டாள், சடங்கு நிறைவேறாது. வெற்றியைப் போலவே தோல்வியும் இந்த வழிபாட்டுக்குத் தேவையான பொருள். ஊரின் பாதி தோற்றால்தான் முழு ஊருக்கும் மழை. இன்றைய எந்தப் போட்டியும் தோற்றவருக்கு இவ்வளவு பெரிய இடம் கொடுத்ததில்லை.

இடம் கொடுத்தார்களே தவிர, சும்மா விடவில்லை. கொம்பு முறிந்ததும் வசை தொடங்கும். வென்ற சேரி தன் கொம்பை அலங்கரித்து ஊர்வலமாகக் கொண்டுபோகும். தோற்ற சேரியைப் பார்த்து வசைப்பாட்டுப் பாடும். சாதாரண நாளில் வாயில் வரக்கூடாத சொற்கள் அன்றைக்கு வரும். தோற்ற பக்கத்தார் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டும். திருப்பிப் பாட அடுத்த கொம்புவரை காத்திருக்க வேண்டும். எல்லாராலும் அப்படி நிற்க முடிந்ததா என்றால், இல்லை. கைகலப்பில் முடிந்த கொம்புகளும் உண்டு. நெஞ்சில் பட்டதால்தான் கை நீண்டது. வெறும் வேடிக்கையாக இருந்திருந்தால் அடிதடிக்கு வேலையில்லை.

இந்த விளையாட்டை ஆங்கிலத்தில் முதலில் எழுதிவைத்தவர்களில் ஒருவர் ரொபர்ட் நொக்ஸ். 1660இல் திருகோணமலைக்குத் தெற்கே கொட்டியாரக் குடாவில் பிடிபட்டுக் கண்டி இராச்சியத்தில் பத்தொன்பது ஆண்டுகள் கைதியாக இருந்து தப்பியவர். 1681இல் இலண்டனில் வெளியான அவருடைய நூலில், பத்தினி தெய்வத்துக்கான நேர்ச்சையாக ஆடப்படும் ஒரு விளையாட்டு வருகிறது: முழங்கைபோல் வளைந்த இரண்டு தடிகளைக் கோத்து இழுக்கிறார்கள், முறிந்த தடி தோற்றது, நாட்டைவிட்டு நோய் நீங்குகிறது. வென்றவர்களின் ஆட்டத்தையும் பாட்டையும் கண்டு நொக்ஸ் முகம் சுளிக்கிறார். அவர் போகிற போக்கில் எழுதிய ஒரு குறிப்புதான் இங்கே முக்கியம். இந்தப் போட்டியில் யாரும் பணம் கட்டுவதில்லை என்கிறார். பந்தயப் பணம் போனதால் வந்த துக்கம் என்று இந்தத் தோல்வியின் வலியைத் தள்ளிவிட முடியாது. போனது பணமில்லை, மானம்.

நொக்ஸ் கண்டது சிங்கள ஊர்களில். அங்கே இதற்கு அங்கெலிய என்று பெயர். பக்கங்கள் உட பில, யட பில, அதாவது மேற்பக்கம், கீழ்ப்பக்கம். பொத்துவிலுக்குத் தெற்கே, தமிழரும் சிங்களவரும் கலந்து வாழும் பாணமையில் பத்தினி தேவாலயத்தை ஒட்டி இந்த விளையாட்டு நம் காலம்வரை வந்திருக்கிறது. அங்கே கட்சி பிரிவது மொழியால் இல்லை; கொம்பால்.

மானிடவியலாளர் கணநாத் ஒபயசேகர 1984இல் வெளியிட்ட பத்தினி வழிபாடு பற்றிய பெருநூலில் அங்கெலியவை நுணுக்கமாக ஆராய்ந்தார். பிராய்டின் வழியில் நின்று, முறியும் கொம்பில் ஆண்களின் ஆழ்மன அச்சத்தைக் கண்டார். வசைகளைக் கேட்டவர் எவரும் அதை முழுக்க மறுக்கமாட்டார். ஆனாலும் அந்த விளக்கம் திடலோடு நின்றுவிடுகிறது. வடத்தைத் தொடாத கிழவருக்கும் வீட்டிலிருந்த பெண்ணுக்கும் தோல்வி எப்படிப் போய்ச் சேர்ந்தது என்பதைச் சொல்ல ஒரு சாதாரணச் சொல் போதும்: ‘நாங்க’.

இந்தச் சொல்லை ஆராய்ந்தவர்களும் இருக்கிறார்கள். 1976இல் உளவியலாளர் ரொபர்ட் சியால்டினியும் அவருடைய தோழர்களும் அமெரிக்காவின் 7 பல்கலைக்கழகங்களில் கண்டதை எழுதினார்கள். தங்கள் பல்கலைக்கழக அணி வார இறுதியில் வென்றிருந்தால், திங்கட்கிழமை வகுப்புக்கு வரும் மாணவர்களில் அதிகம் பேர் பல்கலைக்கழகப் பெயர் பொறித்த உடுப்போடு வந்தார்கள். ஆட்டம் எப்படி முடிந்தது என்று கேட்டபோது வெற்றியைச் சொல்கையில் ‘நாங்கள்’ என்ற சொல் கூடுதலாக வந்தது. தோல்வியைச் சொல்கையில் ‘அவர்கள்’ தலைகாட்டியது. மட்டக்களப்புப் பேச்சில் சொன்னால், ‘நாங்க வெண்டுட்டம், அவனுகள் தோத்துட்டானுகள்.’

வடசேரியில் பிறந்தவனுக்கு இந்த வாசல் அடைபட்டிருந்தது. கொம்பு முறிந்த அன்று ‘அவனுகள்’ என்று சொல்லி நழுவ அவனுக்கு வழியில்லை. வென்றாலும் நாங்க, தோற்றாலும் நாங்க. அணி தோற்றதும் கைகழுவிவிட்டுப் போகிறவர் ஒரு வகை இரசிகர். முடியாமல் உள்ளே இழுபடுகிறவர் இன்னொரு வகை. இரண்டாம் வகையினரின் உடல்கூட அணியோடு சேர்ந்து தோற்கிறது. 1994 உலகக் கிண்ண உதைபந்தாட்ட இறுதியில் பிரேசில் இத்தாலியைத் தண்ட உதையில் வென்றது. ஆட்டத்தைத் தொலைக்காட்சியில் பார்த்த இரு நாட்டு இரசிகர்களின் உமிழ்நீரை ஆட்டத்துக்கு முன்னும் பின்னும் எடுத்து, 1998இல் ஓர் ஆய்வு வெளியானது. பிரேசில் இரசிகர்களிடம் டெஸ்டோஸ்டிரோன் ஏறியிருந்தது. இத்தாலி இரசிகர்களிடம் இறங்கியிருந்தது. பந்தை உதைத்தவர்கள் கலிபோர்னியாவில் இருந்தார்கள். இரத்தத்தில் மாற்றம் நடந்தது தொலைக்காட்சிக்கு முன்னால்.

பிரேசில் என்றதும் இன்னொரு தோல்வியைச் சொல்லாமல் போக முடியாது. 1950 ஜூலை 16, மரக்கானா அரங்கு. சமநிலை செய்தாலே கிண்ணம் கிடைக்கும் என்ற நிலையில் பிரேசில் உருகுவேயிடம் 2–1 என்று தோற்றது. ஒரு நாட்டின் துக்கம் முழுவதும் ஒரு மனிதர் தலையில் இறங்கியது: கோல் காப்பாளர் மொயசீர் பார்போசா. 2000ஆம் ஆண்டில் இறக்கும்வரை, ஐம்பது ஆண்டுகள், அந்தக் கோலை அவர் சுமந்தார்.

கொம்புச்சந்தியில் இது நடந்திருக்க முடியாது. அங்கே முறிந்தது மரம். ஓட்டம் தவறவிட்டவன் இல்லை, பந்தைக் கோட்டைவிட்டவன் இல்லை. வசை ஒரு சேரி முழுவதற்கும் பொதுவாக விழுந்தது. ஒரு தனி மனிதனைப் பலி கொடுக்காமல் தோற்பதற்கு அந்த ஊர்கள் ஒரு முறை வைத்திருந்தன. கொம்புமுறியின் நுட்பங்களிலெல்லாம் மிகவும் கருணை மிக்கது இதுதான். கெட்ட வார்த்தைகளின் இரைச்சலில் எழுதியவர்கள் பலர் இதைக் கவனிக்காமல் விட்டார்கள்.

கட்சி பிரிவது ஊரோடு நின்றதுமில்லை. மட்டக்களப்பில் குடி தாய்வழி. கோயில் உரிமையும் குடி வழியே வருவது. கோயிலை நிருவகிக்கும் வண்ணக்கர் முதல் சாதாரண உழவர்வரை, தான் எந்தக் குடி என்று சொல்லத் தெரியாதவர் அரிது. அந்தக் குடிப் பின்னலுக்குக் குறுக்கே சேரிப் பிரிவும் ஓடியது. ஒரே வீட்டுக்குள் கணவன் ஒரு சேரி, மனைவி மறு சேரி என்றால், கோவலனும் கண்ணகியும் அடுக்களையிலேயே கொம்பு இழுத்தார்கள் என்று அர்த்தம்.

இந்தக் காட்சியின் புதுவடிவம் 2011 ஏப்ரல் 2ஆம் திகதி கிழக்கிலங்கை வீடுகளுக்குள் வந்தது. மும்பை வான்கடே அரங்கில் உலகக் கிண்ணக் கிரிக்கெட் இறுதி, இலங்கையும் இந்தியாவும். மகேல ஜயவர்தன ஆட்டமிழக்காமல் 103, இலங்கை 274. கம்பீர் 97, தோனி ஆட்டமிழக்காமல் 91; இந்தியா 6 விக்கெட்டால் வென்றது. ஒரே கூரையின் கீழ் ஒருவர் இலங்கைக்கும் இன்னொருவர் இந்தியாவுக்கும் கை தட்டுவது இந்தப் பக்கத்தில் புதிதல்ல. போர் முடிந்து இரண்டாண்டுகூட ஆகாத அந்த வேளையில் யாருக்குக் கை தட்டுவது என்பது கிரிக்கெட்டை மீறிய கேள்வியாகவும் இருந்தது. இலங்கையின் பக்கம் நின்றவர்களுக்கு இது தொடர் அடி. 2007இல் பார்படோசில் அவுஸ்திரேலியாவிடம், 2009இல் லோர்ட்ஸில் பாகிஸ்தானிடம், 2011இல் மும்பையில், 2012இல் சொந்த மண்ணான கொழும்பில் மேற்கிந்தியத் தீவுகளிடம். ஆறு ஆண்டுக்குள் நான்கு உலக இறுதித் தோல்விகள். 2014இல் டாக்காவில் இந்தியாவை வென்று கிண்ணத்தைத் தூக்கியபோது அழுதவர்கள், அந்த ஒரு வெற்றிக்காக மட்டும் அழவில்லை.

மட்டக்களப்பு நகரத்துக்குப் புதிய விளையாட்டுகளைக் கொண்டுவந்ததில் பள்ளிக்கூடங்களுக்குப் பெரிய பங்கு. மெதடிஸ்த மத்திய கல்லூரி 1814இலிருந்து வருகிறது. புனித மிக்கேல் கல்லூரி 1873இலிருந்து. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்காவின் லூசியானாப் பக்கத்து இயேசு சபைத் துறவிகள் மிக்கேல் கல்லூரிக்கு வந்தார்கள். அந்தத் துறவிகளில் ஹரல்ட் வெபர் அடிகளார் கூடைப்பந்தாட்டத்தையும் மெய்வல்லுநர் போட்டிகளையும் இந்த நகரத்துக்கு உயிராக்கினார். நகரின் பெரிய மைதானம் அவர் பெயரால் வெபர் மைதானம் என்றே வழங்குகிறது. அவரோடு கூடைப்பந்தாட்டம் பயிற்றுவித்த இயூஜின் ஹேபர்ட் அடிகளார் 1990 ஆகஸ்ட் 15ஆம் திகதி வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குப் புறப்பட்டார். வந்து சேரவில்லை. இன்றுவரை இல்லை.

அந்த ஆகஸ்ட் மாதத்திலேயே காத்தான்குடிப் பள்ளிவாசல்களிலும் ஏறாவூரிலும் முஸ்லிம் மக்கள் கொல்லப்பட்டார்கள். அதற்கு முன் 1987 ஜனவரியில் கொக்கட்டிச்சோலைப் பக்கத்திலும், பின் 1991 ஜூனில் கண்ணகி குடியிருக்கும் மகிழடித்தீவிலும் தமிழ் மக்கள் கொல்லப்பட்டார்கள். இரவில் கூட முடியாத, காட்டுக்குள் மரம் தேடிப் போக முடியாத ஊர்களில் கொம்பு எங்கே முறியும்? பகையை விளையாட்டாக நடித்துக் காட்ட, பகை இல்லாத ஒரு வெளி வேண்டும். அது இல்லாமற் போயிற்று. அதற்கு முன்னரே விளையாட்டு தேயத் தொடங்கியிருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். படித்த தலைமுறை வசைக்கு நாணியது. பெரியம்மை உலகைவிட்டு ஒழிந்ததாக 1980இல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. அம்மனின் சினத்தை அஞ்சி ஊரே வடம் பிடித்த அவசரத்தில் ஒரு பகுதி அதோடு போய்விட்டது. ஆனால் தேய்வது வேறு, வாயடைத்துப் போவது வேறு.

2009இல் போர் முடிந்த பிறகு சில ஊர்களில் கண்ணகி கோயில்களை ஒட்டிக் கொம்பு மறுபடி கோக்கப்பட்டிருக்கிறது. வடசேரி, தென்சேரி என்ற பெயர்களைப் பாட்டனிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு நிற்கும் தலைமுறை அது. சொற்கள் மெருகேறியிருக்கின்றன, கைப்பேசியில் பதிவாகும் இடத்தில் பழைய வசையைப் பாட யாருக்கும் நாவு எழாது. வடத்தின் இழுவை மட்டும் பழையதுதான். கவை விரியத் தொடங்கும் முனகலுக்குத் திடல் மொத்தமும் ஒரு நொடி வாய்மூடும்.

சடங்கின் கடைசிக் கட்டம் குளிர்த்தி. இரவு முழுவதும் கோயில் முற்றத்தில் சனம் காத்துக் கிடக்கும். பூசகரான கப்புகனார் குளிர்த்தி பாடி முடித்து, அம்மனுக்குக் குளிரச் செய்த நீரை வேப்பிலையால் தெளிப்பார். அந்த நேரத்தில் தோற்ற சேரியாரும் வென்ற சேரியாரும் ஒரே நெரிசலில், ஒருவர் தோளுக்கு மேலால் ஒருவர், தங்கள் பிள்ளைகளை முன்னே தள்ளிவிட்டுக்கொண்டிருப்பார்கள், ஒரு துளியாவது மேலே படட்டும் என்று.